பால் பாட்டிலுக்கு எத்தனை டிகிரி, குளியலுக்கு எத்தனை டிகிரி? புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கு

குழந்தை பிறந்த புதிதில் எங்கள் வீட்டில் தூக்கத்துக்கு அடுத்தபடியாக அதிகம் பேசப்பட்ட விஷயம் சூடு. பால் பவுடர் டின்னில் ஓர் எண் இருக்கும். குளியல் டப்போடு வந்த தாளில் வேறோர் எண் இருக்கும். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். 'கொதிக்கிற தண்ணீரில் கலக்காதே, சத்து போய்விடும்' என்பார் ஒருவர். 'ஆறின தண்ணீரில் கலந்தால் வயிறு கெடும்' என்பார் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர். இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருப்பதுதான் சிக்கல்.

தேடிப் படித்து, மருத்துவரிடம் கேட்டு, அளந்தும் பார்த்த பிறகு தெளிந்தது இது. மூன்று தனித்தனிச் சூடுகள் இருக்கின்றன. பவுடர் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையக்கூடாது. குழந்தையின் வாய்க்குப் போகும் பால் 37 டிகிரியைத் தாண்ட வேண்டியதில்லை. குளிக்கிற தண்ணீர் 37 முதல் 38 வரை. எல்லாமே செல்சியஸ் கணக்கு. முதல் எண் கிருமிக்காக, அடுத்த இரண்டும் குழந்தைக்காக. ஒன்றுக்குரிய எண்ணை இன்னொன்றில் கொண்டுபோய்ப் பொருத்துவதில்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தை என்றால் உங்கள் மருத்துவர் சொல்வதே கணக்கு. இங்கே எழுதியிருப்பது அதற்கு அடுத்தபடிதான்.

1. முதலில் காகிதங்களைப் படியுங்கள்

டின்னைத் திறப்பதற்கு முன் லேபிளை முழுதாகப் படித்துவிடுங்கள். பார்க்க வேண்டியவை நான்கு: எத்தனை மில்லி தண்ணீருக்கு எத்தனை கரண்டி, தண்ணீரின் சூடு எவ்வளவு, திறந்த பிறகு எத்தனை நாள் வரும், கடைசித் தேதி எது. திறந்த டின்னை ஒரு மாதத்துக்குள் முடிக்கச் சொல்வார்கள். திறந்த தேதியை மார்க்கரால் மூடியிலேயே எழுதிவிடுங்கள். ராத்திரி அரைத்தூக்கத்தில் அதெல்லாம் நினைவுக்கு வராது.

ஒரு கம்பெனி டின்னில் இருக்கும் கரண்டியை இன்னொன்றுக்குப் போடாதீர்கள். அளவு மாறும். டின்னை மாற்றினால் லேபிளையும் புதிதாகப் படிக்க வேண்டும்.

சில பவுடர்களில் நல்ல பாக்டீரியா சேர்த்திருப்பார்கள். அது சூட்டில் செத்துவிடும் என்பதால் லேபிளில் 70-ஐவிடக் குறைந்த சூடு போட்டிருக்கும். பிறந்து 2 மாதம் ஆகாத குழந்தைக்கு அப்படிப்பட்ட பவுடரை வாங்குவதற்கு முன்னால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த குறிப்பில் பால் பற்றி ஏதாவது எழுதியிருந்தால், அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

2. எதற்குக் காசு போடலாம், எதற்கு வேண்டாம்

ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் சமையலறையில் புழங்கும் கம்பி போன்ற டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்குங்கள். 0-விலிருந்து 100-க்கு மேல் வரை காட்டும். கெட்டில், குளியல் டப் இரண்டுக்கும் அதுவே போதும். குளியலுக்கென்று விற்கும் மிதக்கும் பொம்மைத் தெர்மாமீட்டர் கெட்டிலுக்கு உதவாது.

காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைத் தண்ணீரில் விடாதீர்கள். அது உடம்புச் சூட்டை ஒட்டிய சில டிகிரிகளை மட்டும் அளக்கச் செய்தது. பாதரசக் கண்ணாடிக் குழாய் என்றால் வெந்நீரில் உடைந்தே போகலாம். நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி வகைக் கருவி தண்ணீரின் மேல்பரப்பை மட்டும் பார்க்கும். அடியில் இருக்கும் சூடு அதற்குத் தெரியாது.

வாங்கிய தெர்மாமீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பது சுலபம். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், மூழ்கும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, கலக்கி, சில நிமிடம் கழித்துக் கம்பியை நடுவில் விடுங்கள். 0 காட்ட வேண்டும். 1 டிகிரி இப்படி அப்படி இருந்தால் பரவாயில்லை. கொதிக்கிற தண்ணீரில் 100 காட்ட வேண்டும். ஆனால் மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு அது குறையும். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு 1 டிகிரி வீதம் கொதிநிலை இறங்கும்.

பாட்டில் வார்மர் இல்லாமலே காலம் தள்ளலாம் என்பது என் கட்சி. பலவற்றில் இருக்கும் திருகு, பாலின் சூட்டை அளப்பதில்லை; எவ்வளவு நேரம் சூடாக்க வேண்டும் என்பதை மட்டும் தீர்மானிக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலுக்கும் மேசையில் இருந்த பாட்டிலுக்கும் ஒரே எண்ணில் வைத்தால் ஒன்று சில்லென்றும் மற்றொன்று சுடச்சுடவும் வரும். ஒரு கிண்ணம் வெந்நீர் அதே வேலையைச் செய்கிறது.

3. பவுடர் கலப்பது: 70 டிகிரி ஏன், எப்படி

சீல் உடைக்காத டின்னாக இருந்தாலும் பால் பவுடர் கிருமியே இல்லாத பொருள் கிடையாது. குரோனோபாக்டர், சால்மோனெல்லா போன்றவை அதில் இருக்க வாய்ப்புண்டு. அரிதுதான், ஆனால் பச்சைக்குழந்தைக்கு வந்தால் விபரீதமாகப் போகக்கூடியவை. உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 70 டிகிரி என்று சொல்வது இதனால்தான். கொதிக்கவைத்தது தண்ணீரைச் சுத்தம் செய்ய மட்டும் என்று நினைத்து, முழுக்க ஆறவிட்டுப் பவுடரைப் போட்டால், பவுடரில் இருப்பது அப்படியே தங்கிவிடும். கலந்து விற்கும் திரவப் பாலுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது கிருமி நீக்கி அடைத்தது.

செய்முறை இதுதான். கைகளைக் கழுவி, கிருமி நீக்கிய பாட்டிலை எடுத்து வையுங்கள். குழாயில் புதிதாகப் பிடித்த தண்ணீர் குறைந்தது 1 லிட்டர் கெட்டிலில் ஊற்றித் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். ஏற்கெனவே கொதித்து ஆறிய மிச்சத்தை மறுபடி கொதிக்கவைக்க வேண்டாம். அணைத்த பிறகு 30 நிமிடத்துக்கு மேல் போகவிடாமல் பாட்டிலில் ஊற்றிவிடுங்கள்.

அந்த 1 லிட்டர், 30 நிமிடம் இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். ஒரு பாட்டிலுக்குத்தானே என்று 200 மில்லி மட்டும் கொதிக்கவைத்தால் அது மிக வேகமாக ஆறும். உங்கள் கெட்டிலை ஒருமுறை சோதித்துவிட்டால் பிறகு தினமும் அளக்க வேண்டியதில்லை. கொதித்து அணைந்ததும் மூடியைத் திறந்து, ஆவி படாமல் கையைத் தள்ளிப் பிடித்து, கம்பியை நடுத்தண்ணீரில் விட்டுப் பாருங்கள். 10, 20, 30 நிமிடங்களில் என்ன காட்டுகிறது என்று குறித்து ஒரு சீட்டில் எழுதிக் கெட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டுங்கள். எங்கள் கெட்டில் நிறைய ஊற்றினால் அரைமணியிலும் 70-க்கு மேலேயே நின்றது, பாதி ஊற்றியபோது நிற்கவில்லை.

முதலில் தண்ணீர், பிறகு பவுடர். பவுடரைப் போட்டுவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் அளவு தவறும், பால் நீர்த்துப்போகும் அல்லது கெட்டியாகும். கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். அமுக்கி நிரப்பவும் கூடாது, கோபுரமாக அள்ளவும் கூடாது. கொஞ்சம் சேர்த்துப் போட்டால் நன்றாகத் தூங்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது சுமை.

பொத்தானை அழுத்தினால் பால் கலந்து தரும் இயந்திரம் வைத்திருக்கிறீர்களா? அது முதலில் விடும் சூடான தண்ணீர் 70 தொடுகிறதா என்று ஒரு டம்ளரில் பிடித்து அளந்து பாருங்கள். தொடாவிட்டால் கெட்டிலே மேல்.

4. 70-லிருந்து குடிக்கும் சூட்டுக்கு

மூடியை இறுக்கி, மெதுவாகச் சுழற்றிக் கட்டியில்லாமல் கரைத்ததும், ஓடும் குழாய்த் தண்ணீரில் பாட்டிலின் உடம்பைக் காட்டுங்கள் அல்லது ஒரு கிண்ணம் குளிர்ந்த நீரில் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் மூடியின் விளிம்புக்குக் கீழேயே இருக்கட்டும், மேலே ஏறினால் திருகு வழியாக உள்ளே கசியும். கிண்ணத்து நீர் சூடானதும் மாற்றுங்கள். இடையிடையே பாட்டிலைச் சுழற்றினால் சீக்கிரம் ஆறும். குழந்தை அழ ஆரம்பித்த பிறகு இதைத் தொடங்கினால் ஒவ்வொரு நிமிடமும் யுகமாகத் தெரியும். உதட்டைச் சப்பும்போதே, கையை வாய்க்குக் கொண்டுபோகும்போதே கெட்டிலைத் தட்டிவிடுங்கள்.

பாட்டிலின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பிளாஸ்டிக் சூட்டைச் சரியாகக் கடத்தாது. உள்ளே கொதிப்பு இருந்தாலும் வெளியே மிதமாகத்தான் இருக்கும். துடைத்து, குலுக்கி, மணிக்கட்டின் உட்புறத்தில் சில சொட்டு விடுங்கள். நம் கையின் தோல் உடம்பின் உள்சூட்டைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். அதனால் 37 டிகிரிப் பால் அங்கே லேசான வெதுவெதுப்பாகத் தெரியும். 'சுடுகிறது' என்று தோன்றினால் அது அதிகம்தான். நிப்பிளை வாயில் வைத்துச் சப்பிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். பெரியவர்களின் வாயில் இருக்கும் பல் சொத்தைக் கிருமி குழந்தைக்குப் போகும் வழி அது.

இன்னொன்று: பால் வெதுவெதுப்பாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தை அறைச் சூட்டில் இருக்கும் பாலை நன்றாகவே குடிக்கும். சூடு பண்ணுவது விருப்பத்துக்காக மட்டுமே. ஆரம்பத்திலேயே பழக்கிவிட்டால் வெளியூரில் நள்ளிரவில் வெந்நீருக்கு அலைய வேண்டாம்.

மைக்ரோவேவ் மட்டும் வேண்டவே வேண்டாம். பாட்டில் தொடக் குளிர்ச்சியாக இருக்கும், நடுவில் ஒரு பகுதி வாயைச் சுட்டுவிடும் சூட்டில் இருக்கும். குலுக்கினாலும் முழு நம்பிக்கை வராது.

5. கடிகாரக் கணக்கு

கலந்த பால் வெளியே இருந்தால் 2 மணி நேரம், அதற்குள் கொடுத்துவிட வேண்டும். குழந்தை வாய் வைத்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து 1 மணி நேரம்தான். எச்சில் உள்ளே போய்விடுகிறது அல்லவா? மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்து அடுத்த வேளைக்கு எடுப்பது கூடாது. மனசு கேட்காது, தெரியும், கொட்டிவிடுங்கள். மிச்சம் விழுவதே பிடிக்கவில்லை என்றால் பாட்டிலைச் சிறிய அளவில் கலந்து, போதவில்லை என்றால் இன்னொன்று கலப்பது நல்லது.

முன்கூட்டிக் கலந்து வைத்தே ஆக வேண்டும் என்றால், உடனே ஆறவைத்து 5 டிகிரிக்கு மேல் போகாத ஃப்ரிட்ஜில், பின்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள். 24 மணி நேரம் தாங்கும். கதவுத் தட்டு அதற்கான இடமில்லை, திறக்கத் திறக்கச் சூடேறும். எடுத்துச் சூடு பண்ணும்போது 15 நிமிடத்துக்கு மேல் வெந்நீரில் விட்டுவைக்காதீர்கள். வார்மரில் இரவு முழுக்க வெதுவெதுப்பாக வைத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். கிருமிகளுக்கு அதைவிடச் சௌகரியமான இடம் கிடைக்காது.

6. எடுத்து வைத்த தாய்ப்பால்

இதற்கு 70 டிகிரிக் கணக்கைக் கொண்டு வராதீர்கள். இங்கே பவுடர் இல்லை, கொல்ல வேண்டியது எதுவும் இல்லை. சூடு அதிகமானால் பாலில் இருக்கும் நோய் எதிர்ப்புப் பொருள்கள்தான் வீணாகும். அடுப்பில் வைப்பதும் மைக்ரோவேவும் இதற்கும் ஆகாது.

புதிதாக எடுத்த பால் 25 டிகிரி அல்லது அதற்குக் கீழான அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நன்றாக இருக்கும். அறை அதைவிடச் சூடாக இருந்தால் நேரடியாக ஃப்ரிட்ஜுக்கே போகட்டும். ஒவ்வொரு பையிலும் தேதி எழுதி, பழையதை முதலில் எடுங்கள். உறைந்ததை முதல்நாள் இரவே ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு இறக்கிவிடுவது நல்லது. முழுக்க உருகிய பிறகு ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், வெளியே எடுத்தால் 2 மணி நேரத்துக்குள். மறுபடி உறையவைக்கக்கூடாது.

சூடு பண்ண, கை பொறுக்கும் வெந்நீர் ஒரு கிண்ணத்தில் எடுத்துப் பையை அல்லது பாட்டிலை அதில் நிறுத்தினால் போதும். மேலே கொழுப்பு பிரிந்து ஏடு மாதிரி நிற்கும். கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துகொள்ளும்.

7. வெளியே கிளம்பும்போது

கலந்த பாலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கொதித்த தண்ணீரை ஃபிளாஸ்கிலும், அளந்த பவுடரைச் சுத்தமான டப்பாவிலும் தனித்தனியாக எடுத்துப் போய், வேண்டும்போது கலக்குங்கள். ஃபிளாஸ்கில் முதலில் ஒரு முறை கொதிநீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, பிறகு கழுத்து வரை நிரப்பினால் சூடு நீடிக்கும். எத்தனை மணி நேரம் 70-க்கு மேலே நிற்கிறது என்பதை வீட்டிலேயே ஒருநாள் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். பாட்டிலில் விற்கும் குடிநீரும் கிருமி நீக்கியது இல்லை, அதையும் கொதிக்கவைக்க வேண்டும்.

8. குளியல்: ஹீட்டரில் தொடங்குங்கள்

பிறந்து 24 மணி நேரமாவது கழித்து முதல் குளியல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. தொப்புள்கொடி விழும்வரை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். அப்புறமும் வாரத்துக்கு மூன்று குளியல் போதும், தினமும் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

குழாயைத் திறந்தால் என்ன சூட்டில் தண்ணீர் வருகிறது என்று அளந்திருக்கிறீர்களா? பலர் அளப்பதில்லை. 60 டிகிரித் தண்ணீர் பெரியவர்களின் தோலையே சில விநாடிகளில் பொசுக்கிவிடும். 49 டிகிரி என்றால் அதே காயத்துக்குச் சில நிமிடம் பிடிக்கும், அதற்குள் கையை இழுத்துக்கொள்ளலாம். குழந்தையின் தோல் மெல்லியது, இன்னும் சீக்கிரம் சுடும். அதனால் குழாயில் வரும் தண்ணீர் 49-ஐத் தாண்டாதபடி வையுங்கள்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தண்ணீரைச் சேமித்துவைக்கும் பெரிய தொட்டி வகை ஹீட்டரில் சூட்டை ரொம்பக் குறைத்தால் உள்ளே லெஜியோனெல்லா என்ற கிருமி வளரலாம். அப்படிப்பட்டவற்றைத் தொட்டியில் 60-லேயே விட்டு, குழாய்க்கு முன்னால் சூட்டைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு போடுவதுதான் முறை. பிளம்பரிடம் கேளுங்கள். செலவு உண்டு, ஆனால் குழந்தை நடக்கத் தொடங்கித் தானே குழாயைத் திருகும் வயதிலும் அது காக்கும்.

9. விளாவுவது

முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். இந்த வரிசை மாறவே கூடாது. வெந்நீரை ஊற்றிவிட்டு 'இதோ வருகிறேன்' என்று போன இடைவெளியில்தான் விபத்து நடக்கிறது. குழாயில் பிடிப்பவர்கள் கடைசியில் ஒருமுறை குளிர்ந்த நீரை ஓடவிட்டு நிறுத்துங்கள், குழாய் மூக்கும் சுடாமல் இருக்கும்.

நேற்றைய அளவு இன்றைக்குச் சரியாக வராது. 25 டிகிரித் தண்ணீர் 5 குவளை, கொதிநீர் 1 குவளை கலந்தால் ஏறத்தாழ 37.5 கிடைக்கும். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கினால் அதே அளவு 29-லேயே நின்றுவிடும். டப் வேறு கொஞ்சம் சூட்டை இழுத்துக்கொள்ளும். குவளைக் கணக்கு தொடங்குவதற்கு உதவும், முடிவைத் தெர்மாமீட்டரிடம் விடுங்கள்.

கையால் அடிவரை நன்றாகக் கலக்கிய பிறகே அளக்க வேண்டும். சூடான நீர் மேலே தேங்கி நிற்கும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் முழங்கையை விடுங்கள். சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. உள்ளங்கை வேண்டாம். தினமும் சூடான பாத்திரம் பிடிக்கிற கைக்கு 42 டிகிரியும் இதமாகத்தான் இருக்கும்.

10. குளிப்பாட்டும் அந்தப் பத்து நிமிடம்

அறை 24 டிகிரிக்குக் குறையாமல் இருக்கட்டும். ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, துண்டு, டயப்பர், உடை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துவிட்டுத்தான் குழந்தையின் உடையைக் கழற்ற வேண்டும். பால் குடித்தவுடனும் வேண்டாம், பசியிலும் வேண்டாம். டப்பில் 5 முதல் 8 சென்டிமீட்டர் தண்ணீர் போதும்.

தண்ணீர் ஆறிவிட்டதே என்று குழந்தை உள்ளே இருக்கும்போது வெந்நீர் சேர்க்காதீர்கள். ஓடும் குழாய்க்கு அடியிலும் பிடிக்காதீர்கள். வீட்டில் வேறொருவர் இன்னொரு குழாயைத் திறந்தாலே சூடு சட்டென்று ஏறும். 5 முதல் 10 நிமிடத்தில் முடித்துவிட்டால் சேர்க்க வேண்டிய அவசியமே வராது. தோல் சிவந்தால் சூடு அதிகம். உதடு நீலம் பாய்ந்தாலோ தோல் திட்டுத்திட்டாகத் தெரிந்தாலோ குளிர்கிறது என்று அர்த்தம். உடனே துண்டில் சுருட்டி நெஞ்சோடு அணையுங்கள். கை கால் சில்லென்று இருப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம், மார்பையும் முதுகையும் தொட்டுப் பாருங்கள்.

போன் அடித்தால் அடிக்கட்டும். ஒரு நொடிகூடக் குழந்தையைத் தண்ணீரில் தனியாக விடக்கூடாது.

11. சுட்டுவிட்டால்

ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் சுட்ட இடத்தை மட்டும் 20 நிமிடம் காட்டுங்கள். 20 நிமிடம் மிக நீளமாகத் தோன்றும், கடிகாரம் பாருங்கள். உடையையும் டயப்பரையும் கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். மீதி உடம்பைப் போர்த்திச் சூடாக வையுங்கள். இவ்வளவு நேரம் தண்ணீரில் குழந்தை விறைத்துவிடக்கூடும். ஐஸ், எண்ணெய், வெண்ணெய், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். ஆறியதும் உணவைச் சுற்றும் சுத்தமான பிளாஸ்டிக் தாளை இறுக்காமல் மேலே பரப்பிப் போட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். கைக்குழந்தைக்குச் சுட்டது சின்னதாகத் தெரிந்தாலும் காட்ட வேண்டும். முகம், கை, கால், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்டிருந்தாலும், குழந்தையின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தாலும், கொப்புளம் வந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். எத்தனை மணிக்குச் சுட்டது, எவ்வளவு நேரம் தண்ணீரில் காட்டினீர்கள் என்று அங்கே கேட்பார்கள்.